தாங்கா கடற்கரையில் பாளையங்கோட்டைப் பட்டாளம்

செவ்வாய், தார் எஸ் சலாம்

சமோரா அவென்யூவில் வாகனங்கள் சுற்றிவரும் வட்டத்தின் நடுவே ஒரு வெண்கலச் சிப்பாய், முனையில் கத்தி செருகிய துப்பாக்கியைத் துறைமுகப் பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கிறான். முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்காகப் போரிட்டு மாண்ட ஆப்பிரிக்கர்களின் நினைவாக 1927-இல் வைத்த அஸ்காரி சின்னம் இது. ஐரோப்பியர் படைகளில் இருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்க்குத்தான் அஸ்காரி என்று பெயர். பீடத்தின் ஆங்கில வாசகம் கிப்ளிங் எழுதியது. இதே இடத்தில் அதற்கு முன்பு ஜெர்மானிய ஆளுநர் விஸ்மனின் சிலை இருந்தது. ஆட்சி மாறியது, சிலையும் மாறியது.

வடக்கே போவதற்கு முன் இந்தச் சிப்பாயைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நான் தேடிப் போகும் போரில் இரு தரப்பிலும் செத்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள் அல்லர். தரைக்கு வந்தவர்கள் இந்தியர்கள். தடுத்து நின்றவர்கள் ஆப்பிரிக்கர்கள். உத்தரவு போட்டவர்கள் மட்டும் லண்டனுக்கும் பெர்லினுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் வடகோடித் துறைமுகமான தாங்காவைப் பிடிக்க, 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து ஒரு படை புறப்பட்டது. சுமார் 8,000 பேர். மேஜர் ஜெனரல் ஆர்தர் ஐட்கன் தலைமை. நவம்பர் 2 முதல் 5 வரை நான்கே நாட்களில் எல்லாம் முடிந்து, படை கப்பலுக்கே திரும்பியது. அந்தப் படையில் 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் ஒன்று. தமிழர்களும் சென்னை மாகாண முஸ்லிம்களும் நிறைந்த பட்டாளம் அது.

நான் பாளையங்கோட்டைக்காரன். இந்தப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒரே செய்தியைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்: ஓடிவிட்டார்கள். அந்த வரியோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. ஓடினார்கள் என்பதை மறுக்க நான் வரவில்லை. எந்த நிலையில், யார் கொண்டுபோய் நிறுத்தியதால் ஓடினார்கள் என்பதை அந்த மண்ணில் நடந்து பார்க்க வந்திருக்கிறேன்.

புதன், தாங்கா

காலை பஸ். சலின்ஸேயில் வடக்கே திரும்பி, செகேரா, முஹேஸா வழியாக வந்து சேரப் பகல் முழுக்கப் போய்விட்டது. முஹேஸாவில் ஜன்னல் வழியே ஆரஞ்சுப் பழத்தைத் தோல் சீவிக் கையில் தருகிறார்கள். அதற்கப்புறம் சாலையின் இருபுறமும் சிசல் கற்றாழைத் தோட்டங்கள். கயிறு திரிக்க ஜெர்மானியர் கொண்டுவந்து நட்ட பயிர்தான் இந்த ஊரை ஊராக்கியது. விளைச்சலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர மோஷியிலிருந்து தாங்கா வரை ரயில்பாதை போட்டார்கள். அந்தப் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தாங்கா அகலமான தெருக்களும் நிழல் மரங்களும் உள்ள அமைதியான ஊர். எங்கு பார்த்தாலும் சைக்கிள். பள்ளிப் பிள்ளைகள், மீன்காரர்கள், வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர்கள் என்று எல்லாரும் சைக்கிளில் போகிறார்கள். ஆட்டோவுக்கு இங்கே பெயர் பஜாஜி. மாலையில் கடலோரப் பூங்காவில் உட்கார்ந்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்த பயறும் சப்பாத்தியும் சாப்பிட்டேன். எதிரே துறைமுகத்துக்குள் டோட்டன் தீவு. அதற்குக் கிழக்கே, வலப்பக்கமாக நீண்டு கடலுக்குள் போகிறது ராஸ் கசோனே முனை. நாளை அங்கே.

இன்று இரவு ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். சென்னையில் எம்டன் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. அந்தக் கப்பல் இந்தியப் பெருங்கடலில் திரிந்துகொண்டிருந்ததால், காவலுக்குப் போர்க்கப்பல் கிடைக்கும்வரை படைக்கப்பல்கள் பம்பாயிலேயே கிடந்தன. சில பட்டாளங்கள் கப்பலில் ஏறி இறங்குவதற்குள் ஒரு மாதம் போலாகிவிட்டது. கடலையே பார்த்திராத கிராமத்துப் பிள்ளைகள், வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அடித்தளத்தில் அடைபட்டிருந்தார்கள். பல பிரிவுகளுக்குப் புது ரகத் துப்பாக்கியைப் புறப்படும் நேரத்தில்தான் கையில் கொடுத்திருக்கிறார்கள். இயந்திரத் துப்பாக்கியும் அப்படியே. ஒரு தலைமுறையாகப் போர்க்களத்துக்கு அனுப்பப்படாத பட்டாளம் பாளையங்கோட்டையுடையது. ஒன்றாகப் பயிற்சி பெறாத படைகளை ஒரே கப்பல் வரிசையில் ஏற்றிவிட்டு, அதற்குப் படையணி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மொம்பாசாவில் இறங்கிச் சில நாள் கால் நீட்டிக்கொள்ள விடலாம் என்ற யோசனை வந்தது. ஐட்கன் மறுத்தார். உள்ளூர்க் காட்டை அறிந்த, ஆங்கிலேயரின் ஆப்பிரிக்கப் படையான கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைபிள்ஸ் வீரர்களைக் கூட அனுப்புகிறோம் என்றார்கள். அதையும் மறுத்தார். கறுப்பர்களின் படை இந்திய ராணுவத்துக்கு முன் நிற்காது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. இந்த நம்பிக்கையை நான் மறக்கப் போவதில்லை. தோல்விக்கு விதை இங்கேதான் விழுந்தது.

வியாழன், ராஸ் கசோனே

முனைக்குப் போகும் சாலையில் இப்போது பங்களாக்களும் நீச்சல் கிளப்பும். பஜாஜிக்காரர் பொம்போ மருத்துவமனையைத் தாண்டி இறக்கிவிட்டார். கடற்கரைக்கு இறங்கிப் பார்த்ததும் முதலில் மனதில் பட்டது ஒன்றுதான்: இது படை இறங்கும் கரையே அல்ல.

அலையில்லாத, வெளிர்பச்சைத் தண்ணீர். ஆனால் வற்றம் வந்தால் கடல் வெகுதூரம் விலகி, கூர்கூரான பவளப் பாறையும் சேறும் வெளியே வருகின்றன. கரையோரம் அலையாத்தி மரங்கள், அவற்றின் மூச்சுவேர்கள் ஆணி அடித்ததுபோல் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கு மேல் செங்குத்தான கரைமேடு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் ஆழத்தில் கொஞ்ச தூரம் நடந்தேன். பாறை இடுக்கில் பாதம் சிக்கியது, ஒரு கையால் மரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. பகல் வெளிச்சத்தில், கையில் ஒரு கேமராவோடு நடந்தவனுக்கு இந்தப் பாடு. 1914 நவம்பர் 2 இரவு, நிலா வெளிச்சத்தில், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, இரண்டு வாரக் கப்பல் மயக்கம் தெளியாமல் 13-ஆம் ராஜபுத்திரர்களும் 61-ஆம் பயனியர்களும் இந்தப் பக்கம்தான் இறங்கினார்கள். பயனியர்களும் சென்னைப் பட்டாளமே.

ஏன் துறைமுகத்துக்குள்ளேயே நேராக இறங்கவில்லை? அதில்தான் எனக்கு ஆறாத கோபம்.

அன்று காலை ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பல் தாங்காவுக்கு வந்தது. அதன் கேப்டன் கால்ஃபீல்ட். போர் தொடங்கிய ஆகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயக் கடற்படை இந்தத் துறைமுகத்தோடு ஒரு சண்டை நிறுத்தம் பேசி வைத்திருந்தது. லண்டன் அதை ஏற்கவில்லை. ஆனாலும் முன்னறிவிப்பு இல்லாமல் தாக்குவது முறையல்ல என்று கால்ஃபீல்ட் நினைத்தார். மாவட்ட அதிகாரி ஔராஹரைக் கப்பலுக்கு அழைத்து, ஒரு மணி நேரத்தில் சரணடையாவிட்டால் தாக்குவோம் என்றார். கண்ணிவெடி உண்டா என்றும் கேட்டார். ஔராஹர் பிடி கொடுக்காமல், மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கரைக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. உள்நாட்டுக்குத் தந்தி போனது. கண்ணிவெடியே இல்லாத துறைமுகத்தில் கப்பல்கள் கண்ணிவெடியைத் துழாவிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் தாங்காவைக் காக்க இருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு கம்பெனி. எட்டாயிரம் பேர் கடலில் மிதந்தார்கள்.

கன்னக்கோல் போடப் போகிறவன் தமுக்கடித்துவிட்டுப் போனதுபோல் ஆயிற்று. ஜெர்மன் ஆளுநர் ஷ்னே ஊரைக் காக்கவே வேண்டாம், சேதம் வரும் என்று நினைத்தவர். படைத்தலைவர் பவுல் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மோஷியில் இருந்த கம்பெனிகளை ரயிலில் ஏற்றினார். நேற்று நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன பாதை இதுதான். கையில் இருந்ததோ சில எஞ்சின்கள். நடை நடையாக அவை ஆட்களைக் கொண்டுவந்து கொட்டின. ஒரு பக்கம் கடல்வழிப் படை இடைவிடாமல் நேரத்தை வீணாக்கியது. மறுபக்கம் ஒற்றைத் தண்டவாளம் அந்த நேரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டது.

நவம்பர் 3 விடியலில் பிரிகேடியர் டை, இறங்கியவர்களை வைத்தே நகரை நோக்கி நகர்ந்தார். உளவு இல்லை, பீரங்கி இல்லை. முற்பகலுக்குள் அடிபட்டுத் திரும்பினார்கள்.

இங்கே நின்றபோது என்னை உலுக்கியது அதற்கடுத்த இரவு. காலை வெற்றிக்குப் பிறகும், கப்பல்களின் எண்ணிக்கையைப் பார்த்த ஜெர்மானியர்கள் ஊரை விட்டு மேற்கே பின்வாங்கிவிட்டார்கள். நவம்பர் 3 இரவு தாங்கா காலி. முனையில் ஆயிரக்கணக்கான பேர் இறங்கிக்கொண்டும் படுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். இரண்டு மைல் தள்ளி ஊர் திறந்து கிடக்கிறது. நான்கு பேரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்க்கப் போனவர் லெட்டோ-ஃபோர்பெக். சைக்கிளில். ஆளில்லாத தெருக்களில் மிதித்துப் போய், துறைமுகத்தில் விளக்குகள் பளிச்சென்று எரிய நின்ற கப்பல்களைப் பார்த்தார், இங்கே நின்று போராடலாம் என்று முடிவெடுத்தார். மறுநாள் அவர் கையில் இருந்தவர்கள் சுமார் 1,000 பேர்.

வெள்ளி, முனையிலிருந்து நகருக்கு

வேண்டுமென்றே நண்பகலில் புறப்பட்டேன். நவம்பர் 4 அன்று ஐட்கன் படையை நகர்த்தியது அந்த நேரத்தில்தான். தங்கும் விடுதிக்காரர், கூட வர ஒரு இளைஞரை அனுப்பினார். அவர் என்னைத் தம்பியைப் பார்க்கிற அண்ணன்போல் பார்த்து, காலை ஏழு மணிக்குப் போனால் என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அப்போது இங்கே ரப்பர் தோட்டமும் சிசல் வயலும் ஆளுயரத்துக்குமேல் சோளமும் புதருமாக இருந்தன. இப்போது வீடுகள், மதில்கள், இடையிடையே மாந்தோப்பு, தென்னை. கால் மணி நேரத்தில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கடல் பக்கத்தில் இருந்தும் காற்று இல்லை. ஒரு வீட்டுப் புறக்கடையில் இளைஞர் நின்று மேலே காட்டினார். மாமரக் கிளையில், இரண்டு கயிற்றில் கிடைமட்டமாகத் தொங்கியது ஒரு குடைந்த மரத்துண்டு. கை நீளம் இருக்கும். இரு முனைகளையும் பலகை வட்டத்தால் அடைத்து, ஒன்றில் மட்டும் விரல் நுழையும் ஓட்டை. அதன் வாயில் தேனீக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கீழே நின்றாலே அந்த ரீங்காரம் கேட்டது. இந்தப் பக்கம் தேன் கூடு வைப்பது இப்படித்தான்.

நூறாண்டுக்கு முன்பும் அப்படியே. குண்டுகள் கூடுகளைத் துளைத்ததும் தேனீக்கள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பின. அதிகம் அகப்பட்டது 98-ஆம் காலாட்படை. ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிக்காரர்களும் கொட்டு வாங்கித் துப்பாக்கியை விட்டு ஓடியிருக்கிறார்கள். ஆனால் எதிரி வேண்டுமென்றே தேனீயை ஏவினான் என்று பிறகு ஆங்கிலப் பத்திரிகைகள் கதை கட்டின. பலரும் இந்தப் போரைத் தேனீக்களின் போர் என்றே சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேனீயைச் சொல்லும்போது திட்டம் போட்டவன் தப்பித்துக்கொள்கிறான்.

பாளையங்கோட்டைப் படைக்கு வருகிறேன். முன் வரிசையில் இங்கிலாந்தின் லங்காஷயர் பட்டாளத்துக்கும் இடக்கோடியில் இருந்த 101-ஆம் கிரெனடியர்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் அவர்கள் நின்றார்கள். புதருக்குள் பத்தடிக்கு அப்பால் பக்கத்துக் கம்பெனி தெரியாது. தண்ணீர் தீர்ந்துவிட்டது. முன்னால் எங்கிருந்து சுடுகிறான் என்று தெரியாத எதிரி. மலைப் பீரங்கிப் படையைக் கரைக்கே இறக்கவில்லை. அது கப்பல் தளத்திலிருந்தபடியே சுட்டது. ஊரைச் சிதைக்க வேண்டாம் என்று முன்கூட்டிய குண்டுவீச்சும் இல்லை. எங்கே சுட வேண்டும் என்று கப்பலுக்குச் சொல்லக் கரையில் ஏற்பாடும் இல்லை. இயந்திரத் துப்பாக்கிச் சூடு விழுந்தபோது எங்கள் ஊர்ப் பட்டாளம் சிதறியது. பின்னாலேயே 98-ஆவதும். அந்த இடைவெளியால் இடக்கோடியில் தனித்துவிடப்பட்ட கிரெனடியர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அவர்களுடைய சாவின் கனமும் இந்தக் கணக்கில் உண்டு.

ஆனால் அதே மதியம், வலப்பக்கத்தில் காஷ்மீர் ரைபிள்ஸ் வீரர்களும் லங்காஷயர்காரர்களும் ரயில்பாதைப் பள்ளத்தைத் தாண்டி ஊருக்குள்ளேயே போய்விட்டார்கள். வீதி வீதியாகச் சண்டை நடந்தது. அவர்களுக்குத் துணையாக அனுப்பப் புதிய ஆட்கள் பின்னால் இல்லை. லெட்டோ-ஃபோர்பெக் இடப்பக்கம் வளைத்து அடித்தார். இருட்டுவதற்குள் எல்லாரும் கடற்கரைக்குத் திரும்பினார்கள். ஜெர்மானியப் பக்கத்தில் ஏற்பட்ட பெரிய இழப்பு கேப்டன் டாம் ஃபான் பிரின்ஸ். அவர் பெயரை எல்லாரும் எழுதுகிறார்கள். அன்று அந்தப் பக்கம் விழுந்த சுமார் 70 பேரில் பெரும்பாலோர் அஸ்காரிகள்.

சனி, ரயில் நிலையமும் இடுகாடும்

பழைய ரயில் நிலையத்தைக் காலையில் பார்த்தேன். கட்டடத்தைவிட அதன் இருப்பிடம்தான் முக்கியம். துறைமுகத்துக்கும் ஊருக்கும் ஒட்டியபடி. ஆட்கள் பெட்டியிலிருந்து இறங்கி நடந்தே சண்டைக்குப் போகலாம்.

நவம்பர் 5 அன்று படை கப்பல் ஏறியது. இருந்த பெரும் பண்டத்தையெல்லாம் கரையிலேயே விட்டுவிட்டு ஏறியது. 16 இயந்திரத் துப்பாக்கிகள், நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள், 6 லட்சம் தோட்டாக்கள். அதை வைத்து லெட்டோ-ஃபோர்பெக் தம் கம்பெனிகளுக்குப் புதிய ஆயுதம் கொடுத்தார். அவர் ஆயுதத்தைக் கீழே வைத்தது 1918 நவம்பர் 25 அன்று, ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு வாரம் கழித்து. தாங்கா ஆங்கிலேயர் கைக்கு வந்ததோ 1916 ஜூலையில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் இந்த நாட்டுச் சுமைதூக்கிகள் பட்டினியிலும் நோயிலும் செத்ததைப் பார்க்கும்போது, நான்கு நாள் தோல்வியின் விலை எண்ணூறுக்கு மேற்பட்ட இழப்போடு நிற்கவில்லை என்று புரிகிறது.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் பராமரிக்கும் இடுகாட்டில் ஒரு மணி நேரம் இருந்தேன். புல் வெட்டிச் சுத்தமாக இருக்கிறது. இந்தியச் சிப்பாய்களில் பலருக்குத் தனிக்கல் கிடையாது. காவலாளி என்னிடம் எந்தப் படையைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். பாளையங்கோட்டை என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டினேன். அது எந்த நாட்டில் இருக்கிறது என்றார். அவருடைய ஊரைக் காத்தவர்களும் என் ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் எதற்காகச் சுட்டார்கள் என்று இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினோம்.

பாடம் என்ன கற்றார்கள் என்பதுதான் என் கேள்வி. அதே வாரம், நவம்பர் 6 அன்று, அதே இந்திய ராணுவத்தின் இன்னொரு படை பாரசீக வளைகுடாவின் ஃபாவ் முனையில் இறங்கியது. முதலில் கப்பல் பீரங்கி கோட்டையை அடக்கியது, பிறகு ஆட்கள் இறங்கினார்கள். வேலை முடிந்தது. ஆக, எப்படிச் செய்வது என்று அந்த ராணுவத்துக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் அடுத்த ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் டார்டனெல்ஸ் நீரிணையைக் கப்பல்களால் தாக்கி, துருக்கியர்களுக்குப் போதிய எச்சரிக்கை கொடுத்துவிட்டு, 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்போலியில் படையை இறக்கினார்கள். தாங்கா தோல்வியின் விவரத்தையோ மாதக்கணக்கில் பொதுமக்களுக்குச் சொல்லவே இல்லை. மூடிவைத்த அறிக்கையிலிருந்து யார் கற்பது?

கற்றது ஒன்று உண்டு, அது தவறான பாடம். ஐட்கனின் பதவி குறைக்கப்பட்டது, உண்மைதான். ஆனால் ராணுவத்தின் நினைவில் தங்கியது சென்னைச் சிப்பாய் போருக்கு லாயக்கில்லை என்ற பழைய பாட்டு. அந்தப் பாட்டை 1880-களில் சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் தொடங்கி வைத்தார். வீரம் பிறப்பிலேயே சில இனங்களுக்கு மட்டும் வாய்க்கும் என்பது அவர் கொள்கை. அதன்படி சென்னைப் பட்டாளங்களைக் குறைத்தார்கள், சண்டைக்கு அனுப்பாமல் ஓரங்கட்டினார்கள். அப்படிப் பல ஆண்டுகள் ஓரத்தில் வைத்திருந்தவர்களைத் திடீரென்று இந்தப் புதருக்குள் இறக்கிவிட்டு, பார்த்தாயா, ஓடினான் என்றார்கள். தாங்காவைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுவது உளவு அதிகாரி மைனர்ட்ஸ்ஹாகனின் நாட்குறிப்பு. இந்தியச் சிப்பாய்கள்மீது வெறுப்பைக் கொட்டிய எழுத்து அது. அந்த மனிதர் தம் நாட்குறிப்புகளைப் பிற்காலத்தில் திருத்தி எழுதியவர், அருங்காட்சியகங்களிலிருந்து திருடிய பறவைகளுக்குப் போலி விவரம் எழுதி வைத்தவர் என்பதெல்லாம் பின்னால் ஆய்வாளர்கள் நிறுவிய செய்திகள். அவர் சாட்சியத்தை நம்பி எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கோழைகள் என்று இனி ஒருவர் எழுதினால், நான் சும்மா இருக்க மாட்டேன்.

அஸ்காரி நிற்கமாட்டான் என்று நினைத்ததும் இனத்தை வைத்துத்தான். அஸ்காரி நின்றுவிட்டான் என்றதும் பழியைச் சென்னைக்காரன் தலையில் கட்டியதும் இனத்தை வைத்துத்தான். நின்றவன் நின்றதற்குக் காரணம், அவனுக்குப் பயிற்சி இருந்தது, அவனுடைய அதிகாரிகள் அவனைத் தெரிந்து வைத்திருந்தார்கள், மண் அவனுக்குப் பழக்கம். இந்த மூன்றில் ஒன்றுகூடப் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குக் கொடுக்கப்படவில்லை. 1920-களில் சென்னைக் காலாட்படையே இல்லாமல் போனது. சாப்பர்கள் என்ற பொறியாளர் படை மட்டும் மிஞ்சியது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். இன்றைக்கும் அது இந்திய ராணுவத்தில் இருக்கிறது, வேண்டிய இடத்தில் எல்லாம் நின்றிருக்கிறது.

நாளை மோஷிக்குப் பஸ். லெட்டோ-ஃபோர்பெக்கின் கம்பெனிகள் வந்த ரயில்பாதையை ஒட்டியே சாலையும் போகிறதாம். வழியில் எந்தெந்த நிலையங்கள் இன்னும் நிற்கின்றன என்று பார்த்து எழுதுகிறேன்.